மூன்று வருடமாகத் தண்ணீர் மீட்டரும் நானும் அந்தச் சிவப்பு நட்சத்திரமும்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் பண்ணி, "உங்க வீட்டுல தண்ணிக்கு மீட்டர் வெச்சிருக்கியே, நாங்களும் மாறிடலாமாடா?" என்று கேட்டான். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிக்க வேண்டிய கேள்விக்கு முக்கால் மணி நேரம் பேசினேன். அப்படியும் பதில் வரவில்லை என்று அவன் மனைவி என் மனைவியிடம் சொன்னாராம். சரி, எழுதியே விடுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது சாதாரண மெக்கானிக்கல் மீட்டர், அரை இஞ்ச் குழாய்க்கானது. கறுப்பு எண்கள் கன மீட்டர், அதாவது ஒவ்வொன்றும் 1000 லிட்டர். சிவப்பு எண்கள் அதற்குக் கீழே உள்ள சில்லறை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது அந்த எண்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பொடி நட்சத்திரச் சக்கரத்தைப் பற்றி. சட்டைப் பட்டனைவிடச் சின்னது. வீட்டில் எங்கேயாவது தண்ணீர் ஓடினால் அது சுற்றும், எல்லாக் குழாயையும் மூடினால் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

மீட்டர் வைத்த முதல் வாரமே அது நிற்கவில்லை. குழாய் எல்லாம் மூடியிருக்கிறது, பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், நான் டார்ச்சோடு குனிந்து பார்க்கிறேன், நட்சத்திரம் பாட்டுக்கு மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. இரவு 11 மணிக்கு ரீடிங் எழுதிவைத்தேன், விடிகாலை 5 மணிக்கு மறுபடி பார்த்தேன். 42 லிட்டர் கூடியிருந்தது. ஆறு மணி நேரத்துக்கு 42 என்றால் நாளைக்கு 168, மாதத்துக்கு ஐந்து கன மீட்டர், யாரும் தொடாமலே. வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் கேட் வால்வை மூடினேன், நட்சத்திரம் நின்றது. அப்பாடா, மண்ணுக்கு அடியில் இல்லை, தரையைத் தோண்ட வேண்டாம். அப்புறம் வால்வைத் திறந்துவிட்டு, ஒவ்வோர் அறையாக ஆங்கிள் வால்வுகளை (சுவரில் தனித்தனியாக இருக்கும் சின்ன வால்வுகள்) மூடிப் பார்த்ததில் கழிப்பறை ஃப்ளஷ் டேங்க்கில் மாட்டியது. கொஞ்சம் கலர் பொடியைத் தொட்டியில் கரைத்துவிட்டுக் காத்திருந்தேன், கால் மணி நேரத்தில் கோப்பைக்குள் கலர் இறங்கியிருந்தது. சத்தம் கிடையாது, ஈரம் கிடையாது, அடியில் இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். எவ்வளவு செலவழித்தாலும் ஒரே தொகை என்று மொத்தக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அது எத்தனை வருடம் ஒழுகியதோ!

இதற்காகவே மீட்டருக்குக் கோயில் கட்டலாம் என்று அன்றைக்கு நினைத்தேன், நிஜமாகவே.

மேல்தொட்டி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களுக்குக் குழாய் நேராக உள்ளே வருகிறது, அதனால் இந்தச் சோதனை வேலை செய்தது. தொட்டி இருந்தால் மீட்டரின் கண் தொட்டி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவை வால்வு வரைக்கும்தான், அதற்கப்புறம் ஒழுகுவதைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். காற்றுக்கும் காசு. லைனில் பழுது பார்க்க மூடிவிட்டுத் திறந்தால் முதலில் வருவது தண்ணீர் இல்லை, உஸ்ஸென்று காற்று. அந்தக் காற்றுக்கு நட்சத்திரம் சுற்றும் வேகத்தைப் பார்க்க வேண்டும், காற்றாடி தோற்றது. உள்ளே இருக்கும் இறக்கைக்குத் தன்னைத் தள்ளுவது நீரா காற்றா என்று தெரியாது, அதன் மேல் கோபப்பட்டும் பயனில்லை. எங்களுக்கு இது எப்போதாவது. விட்டு விட்டுத் தண்ணீர் வரும் இடங்களில் தினம் தினம் இதே கதைதான், அங்கே மீட்டருக்கு முன்னால் காற்று வெளியேறும் வால்வு ஒன்று இருக்கிறதா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொரு சமாசாரம். ரீடிங் எடுக்க வந்தவர் ஒரு முறை 8ஐ 3 என்று எழுதிக்கொண்டு போனார். கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்திருந்தது, மூடிக்குள் எறும்புப் புற்று வேறு, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த முறை குறைந்து வந்த பில் அடுத்த முறை மொத்தமாகச் சேர்ந்து வந்தபோது நான் அவ்வளவு நியாயமாக இல்லை. அன்றிலிருந்து மாதக் கடைசியில் ஒரு போட்டோ எடுத்துவைக்கிறேன்.

குழாயை நூலளவு திறந்து வாளியில் சொட்டு சொட்டாக நிரப்பினால் மீட்டர் ஓடாதாமே என்று நண்பன் கேட்டான். ஓரளவு உண்மை. இந்த வகை மீட்டர் மிகச் சின்ன ஓட்டத்தைத் தவறவிடும், பழசாகித் தேய்ந்தால் இன்னும் அதிகமாகத் தவறவிடும். ராத்திரி முழுக்க வாளிக்குக் காவல் இருக்க நேரம் இருப்பவர்கள் செய்துகொள்ளட்டும். ஒலி அலையை வைத்து அளக்கும் அல்ட்ராசோனிக் மீட்டரில் சுற்றுவதற்குப் பாகமே கிடையாது, பேட்டரியில் ஓடும், இந்தச் சொட்டு வித்தை அதனிடம் அவ்வளவாகப் பலிக்காது.

மாறுவதற்கு முன்னால் கணக்குப் போட முடியுமா என்றால் முடியும், மீட்டரே வேண்டாம். ஷவருக்கு அடியில் 10 லிட்டர் வாளியை வைத்து எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பார்த்தேன். 50 விநாடி, அதாவது நிமிடத்துக்கு 12 லிட்டர். என் மகள் பத்து நிமிடத்துக்குக் குறைந்து வெளியே வந்ததில்லை, ஆக அவள் ஒருத்திக்கே 120 லிட்டர். பழைய ஃப்ளஷ் டேங்க் ஒரு முறைக்கு 10 லிட்டர் வரை விழுங்கும், நான்கு பேர் ஆளுக்கு ஐந்து முறை என்றால் 200. இப்படி ஒரு வாரம் எழுதினால் போதும். பழைய மொத்தக் கட்டணத்தை வீட்டின் அளவை வைத்துப் போடுகிறார்கள் என்றால், ஆள் குறைவு, வீடு பெரிது என்பவர்களுக்குப் பெரும்பாலும் மீட்டர் லாபம். வீடு சின்னது, ஆள் நிறைய என்றால் யோசிக்க வேண்டும். கழிவுநீர்க் கட்டணத்தையும் இதே ரீடிங்கை வைத்துப் போடுவார்களா, அப்படியானால் செடிக்கு ஊற்றிய தண்ணீருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டுமா, பிடிக்காவிட்டால் பழைய முறைக்குத் திரும்ப விடுவார்களா, இந்த மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை.

நண்பன் வீட்டில் அவனும் மனைவியும் மட்டும்தான், மூன்று படுக்கையறை. வாளிக் கணக்கைப் போனிலேயே போட்டோம். அவனுக்கு லாபம், சந்தேகமே இல்லை. எங்களுக்கும் லாபம்தான், மூன்று வருட பில்லும் அதைத்தான் சொல்கிறது. இருந்தாலும் மாறாதே என்றுதான் சொன்னேன். பாத்திரம் கழுவும்போது "என்னங்க, அதையே எட்டிப் பார்த்துட்டு நிக்காதீங்க" என்று மனைவி சொல்வது, மகள் குளிக்கும்போது நான் வாசலில் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது, அவள் அதைக் கண்டுபிடித்து இரண்டு நாள் பேசாமல் இருந்தது, இதையெல்லாம் எந்த பில்லில் கழிப்பது?

போன் வந்தது வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் தாராளமாக மாறு என்று சொல்லியிருப்பேன். அதற்கு முந்தின ராத்திரிதான் நட்சத்திரம் மறுபடி சுற்ற ஆரம்பித்திருந்தது. அதே ஃப்ளஷ் டேங்க், அதே ரப்பர் மூடி. இந்த முறை இரண்டாக வாங்கிவைத்திருக்கிறேன், அவன் எப்படியும் மாறத்தான் போகிறான்.