எவரெஸ்ட்டா, சிம்போராசோவா?

உலகிலேயே உயரமான மலை எது என்றால் எவரெஸ்ட் என்போம். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் சரிதான்: 8,849 மீட்டர். ஈக்வடாரில் உள்ள சிம்போராசோ எரிமலை 6,263 மீட்டர்தான்.

பூமியின் மையத்திலிருந்து அளந்தால் கதையே மாறிவிடும். பூமி சரியான உருண்டை இல்லை. தன்னைத்தானே சுற்றுவதால் நடுவில் புடைத்திருக்கிறது. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் துருவங்களில் இருப்பதைவிட ஏறக்குறைய 21 கிலோமீட்டர் அதிகம். சிம்போராசோ அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை டிகிரிதான் தெற்கே நிற்கிறது. எவரெஸ்ட்டோ 28 டிகிரி வடக்கே. அதனால் மையத்திலிருந்து சிம்போராசோவின் உச்சி சுமார் 6,384 கிலோமீட்டர், எவரெஸ்ட்டின் உச்சி 6,382. இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம்! விண்வெளியை நோக்கி அதிகம் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் சிம்போராசோதான்.

ஏறுவதற்குக் கடினம் எவரெஸ்ட்தான், அதில் சந்தேகமில்லை. காற்றின் அடர்த்தியைக் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. சிம்போராசோ உச்சியை 1880இலேயே எட்டிவிட்டார்கள். எவரெஸ்ட்டுக்கு 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் என் மனம் சிம்போராசோ பக்கம்தான். அதன் சரிவில் பனிக்கட்டியை வெட்டி, புல்லில் சுற்றி, கழுதை மேல் ஏற்றி அருகிலுள்ள ரியோபாம்பா நகரச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அது பழச்சாற்றில் சேர்ந்தது!