கடல் பக்கச் சுவரும் பழைய கலர் நம்பரும்

கொழும்பு 6இல், கடலுக்குக் கிட்டே இருப்பவர்கள் பெயின்ட் டின்னின் கலர் நம்பரை எவ்வளவு பத்திரமாக எழுதி வைத்தாலும், ஐந்தாறு வருடம் போனபின் அது பாதிதான் உதவும். நம்பர் மாறாது, சுவர் மாறிவிடும்.

எங்கள் வீட்டில் மேற்குப் பார்த்த பல்கனிக்கும் கிழக்குப் பக்க அறைக்கும் ஒரே எலுமிச்சை மஞ்சள்தான். அறைக்குள் அது இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. பல்கனியில் மத்தியானம் தொடங்கி அந்தி வரை வெயில், மே மாதம் பிறந்தால் தென்மேல் பருவக்காற்றோடு சாரலும் உப்பும். அங்கே மஞ்சள் வெளிறி ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. விரலால் தடவினால் மா மாதிரித் தூள் ஒட்டுகிறது. வெயிலில் பெயின்டின் பிசின் சிதைந்தால், அது பிடித்து வைத்திருந்த நிறத்தூள் இப்படித்தான் உதிரும்.

அதே பல்கனியின் அடிப்பகுதிக்கு அடித்த காவி மட்டும் அசையவில்லை. காவியும் மண் மஞ்சளும் இரும்பு ஒக்சைட். வெயிலும் சுண்ணாம்பும் அவற்றை ஒன்றும் செய்யாது. பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு வகைகளில் பெரும்பாலும் கரிம நிறமிகள் இருக்கும், அவற்றில் பலவற்றைப் புற ஊதாக் கதிர் மெல்ல மெல்ல உடைத்துவிடும். என்னைக் கேட்டால் கடற்கரைப் பக்கத்துக்கு மண் நிறங்கள்தான். வீடா கோயில் மதிலா என்று வீட்டில் முணுமுணுப்பார்கள், அதைச் சமாளிக்க வேண்டும்.

வெள்ளை எனமலின் கதை நேர்மாறு. வெளிச்சம் படாத இடத்தில்தான் அது மஞ்சளாகும். சாமி அறைக் கதவின் உட்பக்கம் மஞ்சளித்தால் எல்லோரும் விளக்குப் புகை என்பார்கள். சவர்க்காரத் தண்ணீரில் துடைத்துப் பாருங்கள்: போனால் புகை, போகாவிட்டால் எனமலில் உள்ள எண்ணெயின் வேலை.

அப்புறம், கலப்பது. பைப் வேலைக்கு உடைத்த சுவரை ஒட்டுப்போட, பழைய பூச்சிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துப் பழைய சோனகத் தெருப் பெயின்ட் கடைக்குக் கொண்டுபோனேன். நிறம் கலக்கும் மெஷின் கிட்டத்தட்டப் பொருந்தும் நிறத்தைத் தந்தது. மிச்சத்தைப் பெயின்ட் பாஸ் கண்ணாலேயே சரிக்கட்டினார். மஞ்சளின் பளபளப்பைக் குறைக்கக் கறுப்பு விடலாமே என்றேன். "கறுப்புப் பட்டா பச்சை அடிக்கும்" என்று சொல்லிவிட்டு, குச்சி நுனியில் கொஞ்சம் மண்ணிறத்தைத் தொட்டுக் கலக்கினார். எப்போதும் வெளிர் நிறத்துக்குள்தான் அடர் நிறத்தை விடவேண்டும். மாறிச் செய்தால், ஒரு கிண்ணம் போதுமான இடத்தில் ஒரு வாளி வெள்ளை தேவைப்படும்.

சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் ஈரத்தில் வெளிர்ந்தும் காய்ந்தபின் சற்று அடர்ந்தும் தெரியும். அதனால் அட்டையில் பூசி, நன்றாகக் காயவைத்துத்தான் சுவரோடு ஒப்பிட வேண்டும். பகலில் ஒருமுறை, இரவில் எல்ஈடி விளக்கில் ஒருமுறை பாருங்கள். நிறமிகள் வேறாக இருந்தால் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும், இன்னொன்றில் காட்டிக்கொடுக்கும். எவ்வளவு பொருந்தினாலும் நடுச்சுவரில் ஒட்டு தெரியும், மூலையிலிருந்து மூலை வரை அடித்துவிடுவதே நல்லது. பெரிய சுவரென்றால் எல்லா டின்னையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள், டின்னுக்கு டின் சிறு வித்தியாசம் இருக்கும்.