கார்பெட் மலைப்பாம்புக்குக் கண்ணாடித் தொட்டியா, பிவிசி பெட்டியா?

ஆஸ்திரேலியா, நியூ கினிப் பக்கத்துப் பாம்பு இது. மரமேறும், வளர்ந்தால் 2 மீட்டரைத் தாண்டும். பெட்டி வாங்கும் முன், வெளிநாட்டு உயிரினங்களை வளர்ப்பதற்கான 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பாம்பைப் பதிவு செய்துவிடுங்கள்.

வெப்பம்தான் முதல் கவலை. ஒரு மூலை 31–32 டிகிரி, மறு மூலை 25 டிகிரி வேண்டும்.
கண்ணாடி: சூடு நிற்காது. வலை மூடி வழியே ஈரமும் போய்விடும். மார்கழி இரவில் கோவைக் குளிருக்குப் பாவம், சுருண்டே கிடக்கும்.
பிவிசி: சூட்டைப் பிடித்து வைக்கும். ஆனால் சித்திரையில் ஈரோட்டு வெயிலுக்கு அதுவே ஆபத்து. தெர்மோஸ்டாட் (சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் சூடேற்றும் விளக்கு போடவே கூடாது.

செலவு: மீன் தொட்டி மலிவு, உடனே கிடைக்கும். பிவிசிக்குச் சமையலறை அலமாரி செய்கிற ஆசாரியிடம் 4×2×2 அடி அளவு சொல்லுங்கள்.

பழக்கம்: மேலிருந்து கை வந்தால் பாம்பு மிரளும். முன்பக்கம் திறக்கும் கதவு நல்லது, பூட்டும் கட்டாயம்.

குட்டிக்கு ஒரு வருஷம்போல சின்னக் கண்ணாடித் தொட்டி போதும், மூடியில் பாதியை மறைத்துவிடுங்கள். வளர்ந்ததற்கு பிவிசிதான். எதுவானாலும் உள்ளே ஏறிப் படுக்க ஒரு கொய்யாக் கிளை வையுங்கள்.