உசாத்துணைப் பட்டியல்: கையால் தட்டுவதா, மென்டலியா, சோட்டெரோவா?

போன மாதம் என் கட்டுரையை இரண்டாவது சஞ்சிகைக்கு அனுப்பிவிட்டேன். முதல் சஞ்சிகை, இந்தத் தலைப்பு தங்கள் பரப்புக்குள் வராது என்று திருப்பி அனுப்பியிருந்தது. அங்கே உசாத்துணைக்கு, அதாவது நாம் மேற்கோள் காட்டும் கட்டுரை, நூல்களின் விபரத்துக்கு, ஹார்வர்ட் முறை: பெயரும் ஆண்டும். இங்கே வான்கூவர் முறை, வெறும் எண். உசாத்துணைகளைச் சேர்த்து வைத்துத் தானே பட்டியலாக்கும் சோட்டெரோ என்ற மென்பொருளில் 47 உசாத்துணைகளையும் மாற்ற எனக்கு ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்தான் பிடித்தது. பக்கத்தில் இருந்து பார்த்த கம்பஸ் தங்கச்சி, "அக்கா, எதைப் பாவிச்சா நல்லம்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கையால் தட்டுவதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். பத்துப் பன்னிரண்டு உசாத்துணை உள்ள சிறு கட்டுரைக்கு அது போதும். ஆனால் எண் முறையில் நாலாவது இடத்தில் புதிதாக ஒன்றைச் செருகினால், அதற்குப் பின்னால் உள்ள அத்தனை எண்ணும் நகரும், கட்டுரைக்குள்ளும் பட்டியலிலும். அதை ஒரு தடவை விடிய விடியச் செய்திருக்கிறேன். இனி முடியாது.

இந்த வேலைக்கு என்ட்நோட் நல்ல மென்பொருள்தான், ஆனால் காசு கட்ட வேண்டும். வேர்டுக்குப் பதிலாக லேடெக்ஸ் என்ற ஆவணம் தயாரிக்கும் மென்பொருளில் எழுதுகிறவர்களுக்கு, உசாத்துணைக்கென்றே பிப்டெக்ஸ் இருக்கிறது. கணிதம், பௌதிகவியல் பக்கம் இருப்பவர்களுக்கு அதைவிட நல்லது வேண்டியதில்லை. என் மேற்பார்வையாளர் வேர்ட் கோப்பில் சிவப்பு எழுத்தில் திருத்தித் தருபவர். அதனால் எனக்கு மிஞ்சியவை மென்டலியும் சோட்டெரோவும்.

இரண்டும் இலவசம். இரண்டும் வேர்டுக்குள் உட்கார்ந்து வேலை செய்யும். மென்டலி 2013 முதல் எல்சவியர் பதிப்பகத்தின் கையில் இருக்கிறது. பழைய டெஸ்க்டொப் பதிப்பைத் தரவிறக்குவதை 2022 செப்டெம்பரோடு நிறுத்திவிட்டார்கள். சோட்டெரோ 2006இல் அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பிறந்த திறந்த மூல மென்பொருள். இலவசமாக இணையத்தில் பி.டி.எப். வைக்க மென்டலி 2 ஜி.பி. தருகிறது, சோட்டெரோ 300 எம்.பி. மட்டும்தான். அந்த ஒரு விஷயத்தில் மென்டலிக்குத்தான் வெற்றி. ஆனால் சோட்டெரோவின் 300 எம்.பி. கணக்கு கோப்புகளுக்கு மட்டுமே. உசாத்துணை விபரங்களை எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

சரி, எனக்கு முடிவைத் தீர்மானித்தது இடமோ வேகமோ அல்ல. பெயர்.

எந்த மென்பொருளும் ஒரு கட்டுரையின் டி.ஓ.ஐ. எண்ணை, அதாவது இணையத்தில் அந்தக் கட்டுரைக்கு மட்டும் உரிய நிரந்தர அடையாள எண்ணைக் கொடுத்தால் விபரங்களைத் தானே இழுத்துக்கொள்ளும். இலங்கைச் சஞ்சிகைகளைத் தாங்கும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற இணையத்தளத்தில் உள்ளவற்றுக்கு அந்த எண் 10.4038 என்று தொடங்கும். இழுத்து வரும் விபரத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி, சொந்தப் பெயருக்கு ஒரு பெட்டி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ராமையாவின் மகள் செல்வராணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் தன் பெயரைச் செல்வராணி ராமையா என்று எழுதினால் பட்டியலில் "ராமையா எஸ்." என்று வந்து நிற்கும். கட்டுரையை எழுதியது ராமையா அல்ல. அவர் கொழுந்து மடுவத்தில் தராசு பிடித்தவராக இருக்கலாம். ஆய்வு செய்தது செல்வராணி. இதற்கு எந்த மென்பொருளையும் குறை சொல்ல முடியாது. பதிப்பகம் பதிந்து வைத்ததை அது அப்படியே கொண்டுவருகிறது. ஆனாலும் திருத்த வேண்டியது நாம்தான்.

மலையகத்தில் பிறந்த எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து. அதைத் திருத்த எத்தனை நாள் சம்பளம் இல்லாமல் போனது என்று அம்மா இன்றைக்கும் கணக்குச் சொல்வார். கம்பஸ் வரை வந்து ஆய்வு செய்த ஒருவரின் பெயரையும் நானே பிழையாக எழுதலாமா?

சோட்டெரோவில் திருத்துவது இப்படி. வலது பக்கத்தில் ஆசிரியர் பெயர் மேல் வலச்சொடுக்கினால் முன் பின் பெயர்களை இடம் மாற்றும் தெரிவு வரும். ஒரு சொடுக்கு. அப்புறம் வேர்டில் புதுப்பி என்ற பொத்தானை அழுத்தினால், ஆங்கில அகரவரிசையில் ஆர் எழுத்தின் கீழ் இருந்த பதிவு எஸ் எழுத்துக்கு இறங்கிவிடும். முதன்முதலாக அது இறங்கியதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நிறுவனப் பெயருக்கும் வழி உண்டு: இரண்டு பெட்டியை ஒற்றைப் பெட்டியாக்கிவிடலாம். இல்லையென்றால் டீ ரிசேர்ச் இன்ஸ்டிடியூட் என்பது "இன்ஸ்டிடியூட், டி. ஆர்." என்று ஓர் ஆளாகிவிடும். டி சில்வா போன்ற பெயர்களில் "டி"யையும் சேர்த்துக் குடும்பப் பெயர் பெட்டியிலேயே போடுங்கள்.

ஒரு தடவை திருத்தினால் அது திருத்தியதுதான். அடுத்த கட்டுரைக்கும் அதே பதிவு வரும். கையால் தட்டுகிறவர் ஒவ்வொரு கட்டுரையிலும் அதே பெயரை மறுபடி சரிபார்க்க வேண்டும். மென்டலியிலும் திருத்தலாம், இல்லையென்று சொல்லவில்லை. நான் அதை நாலு மாதம்தான் பாவித்தேன். பெரிய குழுவாக வேலை செய்கிறவர்களுக்கு அது ஒத்துவரலாம். என்னை இந்தப் பக்கம் இழுத்தது, சோட்டெரோவில் நான் திருத்திய எல்லாம் என் லப்டொப்பிலேயே ஒரு ஃபோல்டரில் கிடப்பது. மென்பொருளை மூடிவிட்டு அந்த ஃபோல்டரைப் பென்டிரைவில் பிரதி எடுத்தால் போதும். எங்கள் தோட்டத்து லய வீட்டில் ஜன்னல் விளிம்பில் போனை வைத்தால்தான் சிக்னல் வரும், மழை பெய்தால் அதுவும் போய்விடும். அந்த நேரத்திலும் வேலை நடக்க வேண்டுமே.

பழைய ஆவணங்களுக்கு எந்தக் குறுக்கு வழியும் இல்லை. என் ஆய்வு தேயிலையின் கொப்புள நோய் பற்றியது. இலங்கையில் அது 1946இல் காணப்பட்டது. அந்தக் காலத்துக் கட்டுரைகளைத் தேடினால் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பழைய சஞ்சிகைகளுக்குத்தான் போக வேண்டும். டி.ஓ.ஐ. கிடைக்காதவற்றுக்குத் தொகுதி, பக்கம், ஆண்டு எல்லாம் நாமே பதிய வேண்டும். அப்போது இரண்டைக் கவனியுங்கள். ஆங்கிலத் தலைப்பில் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் (கெப்பிட்டல்) தொடங்காமல் சாதாரண வாக்கியம் போலப் பதியுங்கள். அதிலிருந்து பெரிய எழுத்துக்கு மாற்ற மென்பொருளுக்குத் தெரியும், மறுபக்கம் மாற்றும்போது பிழை விடும். எக்ஸோபசிடியம் வெக்ஸன்ஸ் (கொப்புள நோயைத் தரும் பூஞ்சை) போன்ற உயிரினப் பெயரைப் பதிவிலேயே சாய்வெழுத்தாக்கி விடுங்கள்.

அனுப்பும் முன் வேர்ட் கோப்பைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் சோட்டெரோவின் இணைப்பைத் துண்டியுங்கள். மூலக்கோப்பில் துண்டித்தால் அடுத்த முறை மாற்ற வழியில்லை.

என் 47இல் 11 பதிவுகளில் பெயர் திருத்த வேண்டியிருந்தது. ஒன்றில் மட்டும் எது அப்பாவின் பெயர், எது கட்டுரை எழுதியவரின் பெயர் என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் ஆண் பெயர்கள். கட்டுரையில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு எழுதிக் கேட்டேன். இரண்டே வரியில் பதில் வந்தது, தமிழில். இரண்டாவதுதான் தன் பெயராம். இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.