‘ஏற்காடு ஜங்கிள் சஃபாரி + ஜூ’ பேக்கேஜ்: முன்பணம் அனுப்பும் முன் படியுங்கள்

பள்ளி விடுமுறை வந்தால் சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த விளம்பரம் சுற்றத் தொடங்கிவிடும். ஒரு நாள் ஏற்காடு டூர், அதோடு ஜங்கிள் சஃபாரி, அதோடு ஜூ. குழந்தைகள் விலங்குகளைத் தொட்டு விளையாடலாம். படத்தில் ஜீப்பை ஒட்டி ஒரு சிங்கம் நிற்கும்.

ஏற்காட்டிலும் இல்லை, சேலத்திலும் இல்லை, சிங்க சஃபாரி, புலி சஃபாரி என்று எதுவும். சேலத்திலிருந்து போகக்கூடிய தூரத்தில் அப்படிப்பட்ட சஃபாரி உள்ள பூங்காக்கள் இரண்டு: பெங்களூரு பன்னேர்கட்டா (ஏறத்தாழ 200 கி.மீ.), சென்னை வண்டலூர் (300 கி.மீ.க்கு மேல்). ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காட்டெருமை உண்டு, காப்பித் தோட்டங்களுக்குள் இறங்கி வருவதும் உண்டு. ஆனால் அதைக் காட்டுகிறேன் என்று காப்புக்காட்டுக்குள் ஜீப்பை விடும் உரிமை எந்தத் தனியாருக்கும் கிடையாது. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போனால் ஓட்டுநரோடு சேர்த்து உங்கள் மீதும் வழக்கு வரும்.

ஆத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர், இப்படி மாட்டிக்கொண்டது. அவர்களுக்கு நடந்ததை அப்படியே தருகிறோம், ஏனென்றால் மற்றவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். முன்பணம் ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்குப் போனது. ரசீது கேட்டதற்கு, “ஸ்க்ரீன்ஷாட் போதும்ங்க, மேலே வந்து காட்டுங்க” என்று பதில். ஜீப் அடிவாரத்தில் ஏற்றிக்கொண்டது. வெள்ளை நம்பர் பிளேட். ‘சஃபாரி’ என்பது சில்வர் ஓக் மரங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே எஸ்டேட் மண்பாதையில் முக்கால் மணி நேரக் குலுக்கல். விலங்கு ஏதும் வராததற்கு, “வெயில் ஏறிடுச்சுங்க அண்ணா, காலையில வந்திருந்தா பார்த்திருக்கலாம்” என்ற சமாதானம். பிறகு ‘ஜூ’. பேக்கேஜில் சேர்ந்தது வாசல் டிக்கெட் மட்டும்தானாம். உள்ளே மக்காவ் கிளியைத் தோளில் வைக்கத் தனிக் காசு, பாம்பைக் கழுத்தில் போடத் தனிக் காசு, இரை போடும் கப்புக்குத் தனி, அவர்களுடைய கேமராவில் எடுத்த படத்துக்குத் தனி. பிள்ளைகள் அழும் இடத்தில் பார்த்துத்தான் ஒவ்வொரு கவுன்டரும் வைக்கப்பட்டிருக்கிறது. திரும்பும்போது, கட்டிய பேக்கேஜ் பணத்தைவிட உள்ளே கொடுத்தது அதிகம்.

அந்த வெள்ளை பிளேட்டைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாடகைக்கு ஓட்டும் வண்டிக்கு மஞ்சள் பிளேட், பெர்மிட், அதற்கான இன்சூரன்ஸ் மூன்றும் வேண்டும். சேலம் - ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஏதாவது ஆனால், சொந்த உபயோக வண்டியில் காசு கொடுத்துப் போனவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க அது ஒன்றே போதும்.

இனி அந்த ‘ஜூ’. இந்தியாவில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் உயிரியல் பூங்கா நடத்தக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38எச் பிரிவு அது. அங்கீகாரம் பெற்ற பூங்காக்களின் பட்டியலை ஆணையமே தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது. பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. வாசலில் கேட்டால் சிலர், “எங்ககிட்ட இருக்கறதெல்லாம் வெளிநாட்டு இனம்ங்க, அந்தச் சட்டம் எங்களுக்கு வராது” என்பார்கள். சரி, வராது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் விளம்பரத்தில் ‘ஜூ’ என்று போட்டுக் காசு வாங்கியது எந்தக் கணக்கில்?

பட்டியல் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு இரண்டு அடையாளங்கள். 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற பூங்கா வாரத்தில் ஒரு நாளாவது பார்வையாளர்களுக்கு மூடியிருக்க வேண்டும். ‘வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும்’ என்ற பலகையைப் பார்த்தாலே சந்தேகப்படுங்கள். அடுத்து பில். உயிரியல் பூங்கா நுழைவுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. நுழைவுச் சீட்டில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் அரசாங்கத்திடம் அவர்கள் தங்களைப் பூங்கா என்று சொல்லிக்கொள்ளவில்லை, உங்களிடம் மட்டும்தான் சொல்கிறார்கள். பில்லே தரவில்லை என்றால் சொல்லவே வேண்டாம்.

வெளிநாட்டு இனம் என்றாலும் கேள்வி கேட்க ஆளில்லை என்றாகிவிடாது. வன உயிரினச் சட்டத்தின் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீல-மஞ்சள் மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பச்சை இக்வானா என்ற பெரிய பல்லி, பால் பைத்தான் (ball python) என்ற ஆப்பிரிக்கப் பாம்பு ஆகியவை அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் (CITES) பட்டியலில் உள்ளவை என்பதால், 2024-இல் வந்த விதிகளின்படி வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். கைமாறினாலும், குட்டி போட்டாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். பக்கத்துக் கடையில், “பாப்பாவுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போங்க” என்று இக்வானா குட்டியை நீட்டுவார்கள். பதிவுத் தாள் இல்லாமல் வாங்கினால் சிக்கல் உங்கள் வீட்டுக்கு மாறிவிடும். நம் ஊர்ப் பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, மயில், மலைப்பாம்பு இவற்றில் எதையாவது கூண்டில் வைத்துக் காசு வாங்கினால் விவாதத்துக்கே இடமில்லை, அது குற்றம்.

இப்படிப்பட்ட ‘ஜூ’வில் ஈமு, தீக்கோழி இரண்டையும் பார்த்ததும் கொங்குப் பக்கத்தவர்களுக்குப் பெருந்துறை ஞாபகம் வரும். 2012-இல் அங்கே ஈமு முதலீட்டு மோசடி வெடித்தபோது பணம் போனதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். தீனியில்லாமல் நின்ற பறவைகளைப் பற்றிப் பேசியவர்கள் கொஞ்சம்தான். விலங்கைக் காட்டிப் பணம் திரட்டும் தொழிலில் கூட்டம் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது தீனிச் செலவு.

விலங்குகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க மருத்துவர் வேண்டியதில்லை. மக்காவின் இறக்கையை விரிக்கச் சொல்லுங்கள். நீண்ட பறக்கும் இறகுகள் கத்திரியால் வெட்டியதுபோல் நேர்க்கோட்டில் முடிந்தால், ‘பழகிய பறவை, பறந்து போகாது’ என்பதன் பொருள் அதுதான். நெஞ்சில் சொட்டையாக இருந்து தலையில் மட்டும் இறகு முழுசாக இருந்தால் பறவை தானே பிடுங்கிக்கொள்கிறது; தலைக்குத்தான் அலகு எட்டாது. தனிமை, சலிப்பு, தூக்கமின்மை எல்லாம் இதற்குக் காரணம். சூரியகாந்தி விதை மட்டுமே போட்டு வளர்த்த கிளிக்கு ஈரலில் கொழுப்பு சேரும், வைட்டமின் ஏ குறையும். ஏற்காட்டில் சாலையோரமெல்லாம் பட்டர் ஃப்ரூட் விற்கிறார்கள் அல்லவா, அதைக் கிளிக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள பெர்சின் என்ற பொருள் பறவைகளுக்கு விஷம், இதயத்தைத் தாக்கும். கப்பில் போட்டு விற்கும் ‘பழக் கலவை’யில் அது கிடந்தால் நடத்துபவருக்கு அடிப்படையே தெரியவில்லை என்று முடிவு கட்டலாம்.

ஊர்வனவற்றின் நிலைமை இதைவிட மோசம், காரணம் மலையின் உயரம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். மார்கழி, தை இரவுகளில் மனிதருக்கே ஸ்வெட்டர் வேண்டும். பால் பைத்தானுக்குக் கூண்டின் ஒரு பக்கம் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை, மறுபக்கம் 25-ஐ ஒட்டி இருக்கலாம். இக்வானா வெயில் காயும் இடத்தில் 35 டிகிரியை ஒட்டி வேண்டும். தகர ஷெட்டில் ஒரு சாதா பல்பைத் தொங்கவிட்டால் இது நடக்காது. உடல் சூடு ஏறாத பாம்புக்குத் தின்றது செரிக்காது. மூச்சுக்குழாயில் தொற்று வந்து வாயைத் திறந்து மூச்சு விடும், மூக்கோரம் நுரை தெரியும். இக்வானாவின் தாடை வீங்கி ரப்பர்போல் வளைந்தால் அது எலும்பு நோய். புறஊதா ‘பி’ கதிர் கிடைக்காததால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராமல் வருவது. கண்ணாடிப் பெட்டியை ஜன்னலோரம் வைத்து, ‘வெயில் படுதுல்ல’ என்பார்கள். அந்தக் கதிரைக் கண்ணாடி உள்ளே விடாது.

பால் பைத்தான் பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதைப் பிரித்து எடுத்து உங்கள் கழுத்தில் போடுகிறார்கள். இரை எடுத்த இரண்டு நாளுக்குள் இப்படிக் கையாண்டால் கக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த இடைவெளியை எண்ணிக்கொண்டிருப்பவர் யாருமில்லை. சுகர் கிளைடர் மரத்துக்கு மரம் சறுக்கித் தாவும், இரவில் நடமாடும் சின்னப் பிராணி. பகல் முழுக்கப் பையிலிருந்து எடுத்து எடுத்து ஃபிளாஷ் அடித்தால் அதற்குத் தூக்கம் ஏது? முயலை மல்லாக்கப் படுக்கவைத்து, ‘பாருங்க எப்படித் தூங்குது’ என்று காட்டுவது இன்னொரு வித்தை. அது தூக்கமில்லை, பயத்தில் உறைந்து கிடப்பது. திமிறி உதைக்கும்போது முயலுக்கு முதுகெலும்பே முறியும்.

மான், ஆடு வகைகளுக்கு பிஸ்கட், பிரெட் விற்பவர்களிடம் வாங்காதீர்கள். மாவுப் பண்டம் அளவுக்கு மீறினால் அசைபோடும் பிராணியின் முதல் இரைப்பையில் அமிலம் ஏறி வயிறு உப்பும். அங்கீகாரம் பெற்ற பூங்காக்களில் பார்வையாளர் இரை போடுவதே 38ஜே பிரிவின்படி குற்றம், சிறை வரை போகலாம். இவர்களோ அதையே கப்பில் அளந்து விற்கிறார்கள். கூண்டில் விலங்கு ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது, ஒளிந்துகொண்டால் யார் காசு கொடுப்பார்கள்? கம்பியை ஒட்டி ஒரே தடத்தில் மண் தேய்ந்திருந்தால் அந்த உயிர் நாள் முழுக்க அங்கேயேதான் நடக்கிறது.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் ஊர்வனவற்றைத் தொடக் கூடாது. ஆமை, இக்வானா, பாம்பு பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும் சால்மோனெல்லா கிருமியைக் கழிவில் வெளியேற்றும். குழந்தை விரல் சூப்பினால் போதும். காய்ந்த கிளி எச்சத் தூசியால் நுரையீரல் காய்ச்சல் வரும். போய் வந்து ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் வறட்டு இருமலும் இருந்தால் கிளியைக் கையாண்டதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குரங்கோ வேறு பாலூட்டியோ கடித்தால், பிறாண்டினால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். ‘எங்க பிராணிக்கு ஊசி போட்டிருக்கு’ என்ற பேச்சை நம்பி வீட்டுக்கு வராதீர்கள். கை கழுவத் தண்ணீரும் சோப்பும் வைக்காத இடத்தில் குழந்தையை எதையும் தொடவிட வேண்டாம்.

பன்னேர்கட்டா பேக்கேஜிலும் ஓட்டை உண்டு. அங்கே பூங்கா டிக்கெட் வேறு, சஃபாரி சேர்ந்த டிக்கெட் வேறு. ‘சஃபாரி உட்பட’ என்று பணம் வாங்கி, பூங்கா டிக்கெட் மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, “சஃபாரி ஃபுல் ஆயிடுச்சுங்க” என்று கைவிரிப்பதுதான் வழக்கமான வேலை. டிக்கெட் உங்கள் பெயரில், தேதியோடு, சஃபாரி என்ற வார்த்தையோடு முன்கூட்டியே கைக்கு வரட்டும். வண்டலூர், பன்னேர்கட்டா இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. சீசனில் சில செவ்வாய்களில் திறப்பதாக அறிவிப்பு வந்தாலொழிய, செவ்வாய்க்குப் போட்ட பேக்கேஜை அங்கேயே ரத்து செய்யுங்கள்.

பிள்ளைகளுக்கு விலங்கு காட்டினால் போதும் என்றால் சேலத்திலேயே குரும்பப்பட்டி இருக்கிறது. சேர்வராயன் மலையடிவாரம், வனத்துறை நடத்தும் அங்கீகாரம் பெற்ற பூங்கா. சஃபாரி கிடையாது, தோளில் எதையும் வைக்க மாட்டார்கள். மான்களை மர நிழலில் நின்று பார்க்கலாம். கூட்டமில்லாத காலை நேரத்தில் போவது நல்லது, மதியத்தில் பாதி பிராணிகள் படுத்துவிடும். ஏற்காடு போகும் வழியிலேயே முடித்துவிடலாம் என்பதால் தனிப் பேக்கேஜும் தேவையில்லை.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் விளம்பரப் படம், சாட், யுபிஐ பரிவர்த்தனை எண், வாசல் டிக்கெட், வண்டி எண் ஐந்தையும் முதலில் சேமியுங்கள். விளம்பரத்தைத்தான் அவர்கள் முதலில் அழிப்பார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியுங்கள். பணம் வாங்கியவர்களில் பல பேர் அந்தக் கட்டத்திலேயே அதைத் திருப்பிவிடுகிறார்கள். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். டிக்கெட்டில் ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். சொன்ன சேவையைத் தராதவனுக்கு அந்த வரி கவசமாகாது. பணம் வாங்கிவிட்டு ஆளே காணாமல் போயிருந்தால் உடனே 1930, சைபர் குற்ற உதவி எண்.

விலங்குகள் பற்றிய புகார் தனி. அதை சேலம் மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். மிருகவதைச் சட்டத்தை மட்டும் நம்பினால் பலன் குறைவு; 1960-இல் எழுதிய அந்தச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான், ஒரு செல்ஃபிக்கு அவர்கள் வாங்குவதைவிடக் குறைவு. ஆகவே புகாரில் வன உயிரினச் சட்டத்தையும், பரிவேஷ் பதிவு இருக்கிறதா என்ற கேள்வியையும் சேர்த்தே எழுதுங்கள். இனத்தின் பெயர் தெரியாவிட்டால் கூண்டின் படம், காலில் வளையம் இருந்தால் அதன் எண், எடுத்த தேதி, நேரம் போதும். தோளில் பறவையோடு எடுத்த படத்தை இணையத்தில் போட்டிருந்தால் நீக்கிவிடுங்கள், அடுத்த சீசன் விளம்பரத்தில் உங்கள் பிள்ளையின் முகம் இருக்கும்.