பேட்டரி சோலாரா, ஈ.பி. லைனோட சேர்ந்த சோலாரா: மச்சான் போட்டதும் நான் போட்டதும்

எங்க வீடு பல்லடத்துக்குப் பக்கத்துல, நாலு பக்கமும் தறிதான். மச்சான் (வீட்டுக்காரியோட அண்ணன்) உடுமலைப் பக்கம் தோட்டத்துச் சாளையில (காட்டுக்குள்ள இருக்கற வீடு) இருக்காரு. அவரு 2021ல பேட்டரி வெச்சு ஆஃப்கிரிட் (ஈ.பி. லைனோட சேராத சோலார்) போட்டாரு, நான் 2024ல 3 கிலோவாட் ஆன்கிரிட் (லைனோட சேர்ந்தது). 'எதுங்க நல்லது'ன்னு கேக்கறவங்களுக்கெல்லாம் போன்ல சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிட்டேன். இப்பவே சொல்லிடறேன், நான் ஆன்கிரிட் கட்சி.

காசு கணக்கு சுருக்கமா. வீட்டு சோலாருக்கு மத்திய அரசு குடுக்கற பி.எம். சூர்யா கர் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3ம் அதுக்கு மேலயும் 78,000 மானியம். மொதல்ல முழுக்காசையும் நாமதான் கட்டோணும், அப்புறம் பேங்க்ல ஏறும். லைனோட சேராத பேட்டரி சோலாருக்கு இது கிடையாது. எங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 580, 600 யூனிட்டுன்னு ஓடிட்டு இருந்துச்சு. 100 யூனிட் இலவசம் போக மிச்சத்துக்குத்தானேன்னு இருந்தோம், ஆனா 500ஐத் தாண்டுனா கீழ இருக்கற 101 டூ 200 யூனிட்டுக்குமே ரேட்டு ஏறிருது, அதுதான் அடி. இப்ப கிலோவாட்டுக்கு நாளைக்கு சராசரியா 4 யூனிட் வருது, பகல்ல மிஞ்சறது லைனுக்குப் போகுது, ரவைக்கு அதையே திருப்பி எடுத்துக்கறோம், மீட்டர் ரெண்டையும் கழிச்சுக் காட்டிரும்.

சரி, உண்மையான வித்தியாசம் பராமரிப்புலதான் இருக்குது.

மச்சான் வீட்டுல தண்ணி ஊத்தற வகை ட்யூபுலர் பேட்டரி நாலு, படிக்கட்டுக்குக் கீழ. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா மூடியைத் தொறந்து பாத்து டிஸ்டில்டு வாட்டர் ஊத்தோணும், டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூத்துக் கெடக்கறதைச் சொரண்டிட்டு வேசலின் தடவோணும். மொத வருசம் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. அப்புறம் ஒரு வெள்ளாமை சமயத்துல மறந்தாச்சு, தண்ணி எறங்கிப் போச்சுன்னு மாமனாரு நல்ல மனசோட ஒரு சொம்பு போர் தண்ணியை எடுத்து ஊத்திட்டாருங்க! நம்ம ஊரு போர் தண்ணி எப்படி இருக்கும்னு தெரியும், சோறு வெச்சா பாத்திரத்துல வெள்ளையா படியற தண்ணி. ரெண்டு பேட்டரி சீக்கிரமே படுத்துருச்சு, மத்ததும் போன வருசத்தோட சரி. நாலு வருசம், நாலையும் மாத்துனாரு, பழசுக்கு எடைக்குக் கெடைச்ச காசு ஒரு பேட்டரிக்குக்கூடப் பத்தல. பேனல் 25 வருசம் வரும்னு சொல்லித்தான் விக்கறாங்க, அதுக்குள்ள இந்தச் செலவு எத்தனை தடவைன்னு நீங்களே கூட்டிப் பாத்துக்கங்க.

எனக்கு வேலையே இல்லைன்னு சொல்லலீங்க. பஞ்சுத் தூசி இருக்குதே, பனியில நனைஞ்சு பேனல் மேல மெல்லிசா ஒரு போர்வையாட்ட ஒட்டிக்கும், சும்மா தட்டுனா போகாது. மொதல்ல நானும் போர் தண்ணியில அடிச்சு விட்டேன், காஞ்சப்புறம் கண்ணாடி பூரா உப்புக்கறை, யூனிட்டு முன்னைவிடக் கம்மியாயிருச்சு. இப்ப குழாய்ல வர்ற நல்ல தண்ணி ரெண்டு பக்கெட்டு, நீளக் குச்சியில கட்டுன ஸ்பாஞ்சு, பத்து நாளைக்கு ஒருக்கா வெயில் ஏறறதுக்கு முன்னாடி கால் மணி நேரம், அவ்வளவுதான். உச்சி வெயில்ல பேனல் கொதிச்சுட்டு இருக்கறப்ப பச்சத்தண்ணி ஊத்தாதீங்க, கண்ணாடிக்கு ஆகாது. பக்கத்துத் தென்னை மட்டை நெழல் ஒரு பேனல்ல விழுந்தாலே அந்த வரிசையே எளைச்சுப் போகும், அதையும் போடறதுக்கு முன்னாடியே பாத்துக்கங்க.

ஆன்கிரிட்ல பெரிய கொறை ஒண்ணு, கரண்ட் போனா இதுவும் நின்னுரும். லைன்ல வேலை செய்யற ஆளு மேல நம்ம கரண்ட் பாஞ்சிரக்கூடாதுன்னு, பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டா மாத்தற இன்வெர்ட்டரே தானா ஆஃப் ஆயிக்கும், நியாயந்தான். ஆனா ஆடிக்காத்துல லைன் அடிச்சுட்டுப் போன அன்னிக்கு, நல்ல வெயில்லயும் ஃபேன் இல்லாம உக்காந்துட்டு "இத்தனை காசு போட்டு மேல என்னத்தை வெச்சிருக்கறீங்க"ன்னு வீட்டுல கேட்டப்ப எனக்குப் பதில் வரல. மச்சான் அன்னிக்கு போன் போட்டு, "ஏனுங் மாப்ள, எங்கூட்டுல டிவி ஓடுது"ன்னாரு.

அவருக்கு அது சரிதான். சாளைக்கு லைன் கடைசிப் போஸ்ட்டுல இருந்து வருது, வோல்டேஜும் வராது, கரண்ட் போனா ஆளு வர்றதுக்கு ஒரு நாளாகும். அந்த மாதிரி எடத்துக்கு பேட்டரி இல்லாம ஆகாது, லித்தியம் பேட்டரி போட்டா தண்ணி ஊத்தற வேலையாச்சும் மிச்சம். லித்தியத்தைப் பத்தி எனக்குக் கேள்வி ஞானந்தான், என்னோட ஆன்கிரிட்டுக்கும் ரெண்டு வருசந்தான் ஆகுது, இன்வெர்ட்டர் ஒருக்கா ரிப்பேர் ஆனாத்தான் அதோட செலவு தெரியும். ஊருக்குள்ள, கரண்ட் அதிகம் போகாத வீடுன்னா ஆன்கிரிட்டே போடுங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு சின்ன பேட்டரியோட பழைய யூ.பி.எஸ். தனியா இருந்துட்டுப் போகட்டும். நாங்க இப்ப அப்படித்தான் வெச்சிருக்கோம், அதுக்குத் தண்ணி ஊத்தற டூட்டி என்னுது, மாமனாரு வந்தாருன்னா அந்த ரூமைப் பூட்டிருவேன்.