செர்மாட்டில் ஹோட்டல் வாசல் வரை கார் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்

82,000 ரூபாய். சூரிக் விமான நிலையத்திலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊரில் உள்ள ஹோட்டல் வாசல் வரை ஒரு தனிக் காருக்காக நாங்கள் கட்டிய தொகை அது. அந்தக் கார் செர்மாட்டுக்குள் போகவில்லை. எந்த வாடகைக் காரும் போக முடியாது. எங்களிடம் பணம் வாங்கிய சுற்றுலா முகவருக்கு இது வாங்கும்போதே தெரிந்திருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முகவரின் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர், அலுவலகம் பெரியது, பேச்சு இனிமையானது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

செர்மாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: மாட்டர்ஹார்ன் என்ற 4,478 மீட்டர் சிகரத்தின் அடியில், ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. பெட்ரோல், டீசல் கார்களில் அங்கே உலவ முடியாது. நாம் காரில் போனால் ஐந்து கிலோமீட்டர் கீழே டேஷ் என்ற ஊரிலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து ரயிலில் 12 நிமிடம் மேலே போக வேண்டும். டேஷிலிருந்து மேலே ஒரு சாலை இருக்கிறது, ஆனால் அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும். ஊருக்குள் ஓடுபவை பெட்டி போன்ற சின்ன மின்சார டாக்சிகளும் மின்சார பஸ்களும்தான். ஊர்க்காரர்கள் இதை ஒளித்து வைக்கவில்லை. ஊரின் பெருமையே இதுதான். செர்மாட்டுக்கு ஆள் அனுப்புவதைத் தொழிலாக வைத்திருக்கும் ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. பனியை ஒருமுறை கையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஜனவரி மாதப் பயணம் என்றதும் நான் முகவரிடம் கேட்ட முதல் கேள்வியே, அம்மா பெட்டி தூக்காமல், வழுக்கும் இடத்தில் நடக்காமல் போய்ச் சேர முடியுமா என்பதுதான். அதற்குத்தான் அவர் அந்தக் காரைச் சொன்னார். "ரயில் வேண்டாம் மேடம், பனிக்காலத்தில் பெரியவர்களுக்குச் சிரமம். ஹோட்டல் வாசலில் இறக்கிவிடுவார்கள். அன்றைக்குப் பனிக்காலணிகூடத் தேவையில்லை" என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் மறக்கவே மாட்டேன். அதை நம்பி அம்மாவின் பனிக்காலணியைப் பெட்டியின் அடியில் வைத்துக் கட்டினேன்.

சூரிக்கிலிருந்து மாலையில் கிளம்பினோம். காண்டர்ஷ்டேக் என்ற ஊர் வந்ததும் கார் ஒரு ரயிலின் மீது ஏறி நின்றது. குளிர்காலத்தில் ஃபுர்கா, கிரிம்செல் போன்ற உயரமான மலைச் சாலைகள் பனியால் மூடப்பட்டிருக்கும். மலையைக் குடைந்து போகும் ரயிலில் காரோடு சேர்ந்து அந்தப் பக்கம் போக வேண்டும். இருட்டுச் சுரங்கத்தில், நிற்கும் காருக்குள் உட்கார்ந்தபடி கால் மணி நேரம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். இதற்கான கட்டணத்தை ஓட்டுநர் எங்களிடம் கேட்டார். எல்லாம் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறோம் என்று சொன்னேன். தன் சீட்டில் பயணிகள் தருவார்கள் என்று எழுதியிருப்பதாக அவர் காட்டினார். கொடுத்தோம், ரசீதும் தந்தார். அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

இரவு ஒன்பது மணி சுமாருக்குக் கார் ஒரு பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்குள் நுழைந்து நின்றது. "என்ன கண்ணு, இங்கேயே நிறுத்திவிட்டார்? ஹோட்டல் எங்கே?" என்று அம்மா கேட்டார். ஓட்டுநர் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, ரயில் நிலையத்தின் பக்கம் கையைக் காட்டினார். நான் எங்கள் தாளை நீட்டினேன்: "ஹோட்டல் வாசல் வரை." அவர் தன் கைப்பேசியை நீட்டினார். பயணம் முடியும் இடம் என்ற கட்டத்தில் டேஷ் முனையம் என்று இருந்தது. பதிவு செய்த நாளும் அதில் இருந்தது, எங்கள் பயணத்துக்கு ஐந்து வாரம் முன்பு.

அந்த ஒரு வரிதான் இந்தப் பதிவின் உயிர். முகவர் சுவிஸ் கார் நிறுவனத்திடம் டேஷ் வரைக்கும்தான் கேட்டிருக்கிறார். எங்களுக்குத் தந்த தாளில் மட்டும் ஹோட்டல் வாசல் என்று எழுதியிருக்கிறார். தவறுதலாக நடந்திருந்தால் இரண்டிலும் ஒன்றே இருந்திருக்கும். ஓட்டுநரிடம் அனுமதி கேட்டு அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டேன். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை; தனக்குச் சொன்ன இடத்துக்கு ஒழுங்காக ஓட்டிக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அம்மா காலில் சாதாரணத் துணிக்காலணி. வெளியே உறைநிலைக்குக் கீழே ஒன்பது டிகிரி. அந்த வாகன நிறுத்தத்தின் சிமென்ட் தரையில் பெரிய பெட்டியைப் படுக்க வைத்து, சேலைகளையும் மருந்துப் பையையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்து, அடியில் கிடந்த பனிக்காலணியை எடுத்தேன். அம்மாவால் குனிய முடியாது. என் கணவர் மண்டி போட்டு உட்கார்ந்து அவர் காலில் மாட்டிவிட்டு நாடாவைக் கட்டினார். மாப்பிள்ளை தன் காலைத் தொடுகிறாரே என்று அம்மா கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டே இருந்தார். "விடுங்கள் மாப்பிள்ளை, நானே போட்டுக்கொள்கிறேன்" என்று அவர் சொன்ன குரல் என் காதில் இன்னும் இருக்கிறது.

டேஷ் ரயில் நிலையத்தில் எந்தச் சிரமமும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தள்ளுவண்டிகள் இருக்கின்றன, பெட்டியை ஏற்றி அப்படியே ரயிலுக்குள் உருட்டிக்கொண்டு போகலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அம்மாவைச் சரியாக உடுத்தி, ஒரு டீ குடிக்கவைத்து, நிதானமாகக் கூட்டிப் போயிருப்பேன். உண்மையைச் சொல்லியிருந்தால் இது ஒரு கஷ்டமே இல்லை.

செர்மாட் நிலையத்தில் இறங்கியபோது ஹோட்டல் வண்டி ஏதும் நிற்கவில்லை. ஒரு மின்சார டாக்சியைப் பிடித்தோம். அந்த வண்டிகளுக்குச் சத்தமே கிடையாது. பனி மூடிய தெருவில் பின்னால் வந்து நிற்பதுகூடத் தெரியாது; வயதானவர்களோடு போகிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மேட்டில் இருந்தது. வரவேற்பில் இருந்த அம்மையார் எங்களைப் பார்த்து உண்மையிலேயே வருந்தினார். எந்த ரயிலில் வருகிறோம் என்று சொன்னால் தங்களுடைய மின்சார வண்டியை இலவசமாக அனுப்புவார்களாம். இங்கே கார் வராது, டேஷிலிருந்து ரயிலில் வர வேண்டும், ரயில் நேரத்தைத் தெரிவியுங்கள் என்று முகவருக்கு இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். பதிலே இல்லை. அதன் நகலை அவர் எனக்கு அனுப்பிவைத்தார். நாங்கள் கேட்காமலே சூடான சூப்பும் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் காலையில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் மூவருக்கும் நான்கு நாள் ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுத்திருந்தோம். அந்தப் பாஸ் செர்மாட் வரைக்கும் ரயிலில் முழுமையாகச் செல்லும். சூரிக் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. ஃபிஸ்ப் என்ற ஊரில் வண்டி மாறினால் நேராகச் செர்மாட்டின் நடுவில் கொண்டுபோய் விட்டுவிடும், நான்கு மணி நேரத்துக்குள். முதல் நாளிலிருந்தே பாஸைத் தொடங்கியிருந்தால் அந்தக் காரே வேண்டியதில்லை. முகவர் என்ன செய்தார் தெரியுமா? காரில் போகிறீர்களே என்று சொல்லி, பாஸை இரண்டாம் நாளிலிருந்து தொடங்க வைத்தார். அதன் கடைசி நாள், நாங்கள் சூரிக்கில் ஏரிக்கரையில் நடந்துவிட்டு விமானம் ஏறிய நாளுக்குப் போய்ச் சேர்ந்தது. 82,000 ரூபாய் கொடுத்து, அம்மாவுக்கு இன்னும் கடினமான ஒரு பயணத்தை வாங்கியிருக்கிறோம்.

கோர்னர்கிராட் விஷயமும் இதே ரகம். 1898இல் திறக்கப்பட்ட பல்சக்கர ரயில் அது. செர்மாட்டிலிருந்து 33 நிமிடத்தில் 3,089 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிச் செல்கிறது. டிராவல் பாஸ் வைத்திருப்பவர்களுக்குப் பாதிக் கட்டணம். முகவர் எங்களுக்குத் தந்த டிக்கெட்டிலேயே பாதிக் கட்டணம் என்று அச்சாகியிருந்தது. அவருடைய பில்லில் இருந்தது முழுக் கட்டணம். அதோடு, தேதியையும் அவரே குறித்துவிட்டார். அந்த நாளில் மேலே ஒரே மேகம். நிலையத்திலேயே மலையுச்சியின் நேரடிக் காட்சி திரையில் ஓடுகிறது. வெள்ளைச் சுவரைத் தவிர அதில் ஒன்றும் தெரியவில்லை. காசு போகிறதே என்று ஏறினோம். மேலே போய் நின்றபோது கைப்பிடிக் கம்பி தெரிந்தது, அதற்கு அப்பால் எதுவும் இல்லை. கவுண்டரில் அன்றைய வானத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுத்திருந்தால் இந்த நஷ்டம் இல்லை.

மாட்டர்ஹார்னை அம்மா பார்த்தது கிளம்பும் நாள் காலையில், தேவாலயத்துக்கு அருகே உள்ள பாலத்தில் நின்று. அதற்கு டிக்கெட் இல்லை. முதலில் உச்சி மட்டும் செம்பு நிறத்தில் எரிந்தது, பிறகு அந்த நிறம் மெல்லக் கீழே இறங்கியது. கைப்பிடிச் சுவரில் கிடந்த பனியை அம்மா உள்ளங்கையில் அள்ளி, உருகும் வரை பிடித்துக்கொண்டு நின்றார். ஊரைப் பற்றி எனக்குக் குறை இல்லை. மூன்று நாளும் ஒரு ஹாரன் சத்தம் கேட்கவில்லை. திரும்பவும் போவேன், ரயிலில்.

ஊர் திரும்பியதும் முகவரைப் போய்ப் பார்த்தேன். முதலில், டேஷ் என்பது செர்மாட் பகுதிதான் என்றார். ஓட்டுநரின் திரைப் படத்தைக் காட்டியதும், கடைசி ஐந்து கிலோமீட்டரை யாராலும் தர முடியாது மேடம், அது ஊர்க் கட்டுப்பாடு என்றார். தர முடியாது என்று தெரிந்ததை ஏன் விற்றீர்கள் என்று கேட்டேன். அடுத்த பயணத்தில் 5,000 ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். எழுந்து வந்துவிட்டேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தோம். அதற்கு அவர் தரப்பிலிருந்து பொருத்தமான பதில் வராததால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. பாதிப்பு நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். எங்கள் கையில் இருப்பவை நான்கு: அவருடைய தாள், ஓட்டுநரின் திரைப் படம், ஹோட்டலின் மின்னஞ்சல், பாதிக் கட்டண டிக்கெட். அந்தக் குளிரில் படம் எடுக்கத் தோன்றியது நல்லதாகப் போயிற்று. உங்களுக்கும் அப்படி ஒரு நேரம் வந்தால், சண்டை போடுவதற்கு முன்னால் முதலில் படம் எடுங்கள்.

கார் இல்லாத மலையூர் எதற்குப் போவதானாலும், பணம் கட்டும் முன் ஹோட்டலுக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: கடைசியாக எதில் ஏறி வருவது, நிலையத்துக்கு வண்டி வருமா, ஊருக்குக் கட்ட வேண்டிய தங்கும் வரி அறை வாடகையில் சேர்ந்திருக்கிறதா. எங்களுக்கு அந்த வரியும் தனியாகத்தான் வந்தது. மலை ரயில் டிக்கெட்டை ஊரிலேயே, வானத்தைப் பார்த்து எடுங்கள். குளிர்காலமென்றால் பனியால் வழி அடைபட்டால் என்ன ஏற்பாடு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 2018 ஜனவரியில் பனிச்சரிவு அபாயத்தால் சாலையும் ரயிலும் மூடப்பட்டு, 13,000 சுற்றுலாப் பயணிகள் செர்மாட்டில் மாட்டிக்கொண்டார்கள்.

போன வாரம் என் சித்தி மகள் வேறு எண்ணிலிருந்து அதே முகவரை அழைத்து, பெற்றோருடன் மூரன் என்ற ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டாள். ஹோட்டல் வாசல் வரை தனிக் கார் தருவதாகச் சொல்லி, விலையையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். மூரன் ஒரு செங்குத்துப் பாறையின் மேல் இருக்கிறது. சுற்றுலாப் பயணி காரில் ஏறிப் போக அங்கே சாலை கிடையாது. கம்பியில் தொங்கிச் செல்லும் கேபிள் காரில்தான் மேலே போக வேண்டும். அந்த வாட்ஸ்அப் செய்தியையும் அச்செடுத்து மனுவோடு சேர்த்துவிட்டோம்.